பக்கத்து சீட்

என் அம்மா இருபத்திரண்டு வருஷம் ஒரு சலவை நிலையத்துக்கு வேன் ஓட்டினாள். ஆஸ்பத்திரிகளிலிருந்து அழுக்குப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக ஏற்றி வருவதும், வெளுத்து மடித்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் வேலை. அங்கே அவளுக்கு வேன் அக்கா என்றுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பள நாளன்று மட்டும் நினைவுக்கு வரும். அப்படிப்பட்டவளின் ஒரே மகன் நான். எனக்கு இருபத்தெட்டு வயதாகிறது, வண்டி ஓட்டத் தெரியாது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. உயரம் எவ்வளவு என்று கேட்டால் சொல்வது மாதிரி சொல்கிறேன்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கடையின் முன்பக்கம் விளக்கும் நிலைக்கண்ணாடியுமாகப் பளபளவென்று இருக்கும். என் இடம் பின்கட்டு. கம்பெனியிலிருந்து லென்ஸ் வட்டமாக வரும். வாடிக்கையாளர் எடுத்த ஃபிரேமின் வடிவத்துக்கு அதன் ஓரத்தைக் கல்லில் அரைத்துப் பொருத்த வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே அரைப்பதால் சாயங்காலத்துக்குள் நகக்கண் முழுக்க வெள்ளை மாவு ஏறிவிடும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ஜோடி ஆகும். யாரும் வந்து பேசமாட்டார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கடையில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். முதலாளியைத் தவிர எல்லாரும் முப்பதைத் தாண்டாதவர்கள். எட்டில் லைசென்ஸ் வைத்திருப்பது முதலாளியும் ஃபிரேம் காட்டுகிறவனும்தான். ஃபிரேம் காட்டுகிறவனும் அதை அடையாள அட்டையாக நீட்டுவதற்குத்தான் வாங்கினான், அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. முதலாளிக்கு இது ஆறாத மனக்குறை. தங்கள் காலத்தில் பதினெட்டு முடிந்த மறுநாளே லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் போய் நிற்போம் என்றும், இப்போதுள்ள பிள்ளைகளுக்கு என்ன வந்தது என்றும் வாரத்துக்கு ஒரு தடவை ஆரம்பிப்பார். நாங்கள் தலையாட்டுவோம். போனில் தட்டினால் வாசலுக்கு வண்டி வருகிறது. அதற்கு நிறுத்த இடம் தேட வேண்டாம், பெட்ரோல் போட வேண்டாம், பஞ்சர் பார்க்க வேண்டாம். சொந்தக் காசில் ஒரு தலைவலி வாங்கி வீட்டு வாசலில் நிறுத்துவானேன் என்பது எங்கள் கட்சி.

அம்மா இந்தக் கட்சியில் இல்லை. அவள் ஏன் இல்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. அதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள்.

நான் பிறந்து ஒன்றரை வருஷத்தில் அவளுக்கு ஒரு ஆபீஸில் டைப் அடிக்கிற வேலைக்கு நேர்முகம் வந்தது. காலை பத்து மணிக்கு. ஆபீஸ் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது, அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அப்பாவிடம் பழைய கார் ஒன்று இருந்தது. கொண்டுபோய் விடுகிறீர்களா என்று முந்தின வாரமே கேட்டாள். பாக்கலாம் என்றார். முந்தின நாள் கேட்டாள், அப்போதும் பாக்கலாம் என்றார். அப்பா கெட்டவர் இல்லை. கையை ஓங்கியதில்லை, குடித்ததில்லை. எதற்கும் பாக்கலாம் என்பார், அவ்வளவுதான். அன்றைக்கு அம்மா எட்டரைக்கே தலைவாரி, சேலை கட்டி, சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா பதினொன்றரைக்கு வண்டியை எடுத்தார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் வாசலில் சாப்பாட்டு இடைவேளை என்று பலகை மாட்டியிருந்ததாம். அடுத்த மாசமே அவள் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். லைசென்ஸ் கையில் வந்த பிறகு அவள் அப்பாவிடம் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எனக்குப் பதினாலு வயதாகும்போது அப்பா இறந்துபோனார். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தது அவள்தான்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒருவன் மறுநாளே வண்டி கற்றுக்கொள்ளப் போயிருக்க வேண்டும். நானும் போனேன், பத்தொன்பது வயதில். பதினோரு நாள் வகுப்பு. பள்ளி வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அது அவர் காலடியில் இருந்தவரை நன்றாகத்தான் ஓட்டினேன். பரீட்சையன்று மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். நின்ற வண்டி கிளம்பவே இல்லை, பின்னால் உருண்டது. அடுத்த மாசம் வரச் சொன்னார்கள். அந்த அடுத்த மாசம் ஒன்பது வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் சோம்பேறித்தனம்தான். அம்மா இருந்தாள், வண்டி இருந்தது, பக்கத்து சீட் காலியாக இருந்தது.

அப்படித்தான் தினமும் காலையில் என்னைக் கடையில் விட ஆரம்பித்தாள். சலவை நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதுவே அவள் உத்தியோகம் ஆயிற்று. அவளுடைய கார் சிறியது, பதினாறு வருஷப் பழையது. இரண்டாவது கியர் கொஞ்சம் மல்லுக்கட்டும். வீட்டிலிருந்து கடைக்கு ஆறு சிக்னல். கடையில் என்னை எல்லாரும் கேலி பண்ணினார்கள். டிஃபனையும் அம்மாவே ஊட்டிவிடுவார்களா என்று ஃபிரேம் காட்டுகிறவன் கேட்டான். வாய் துடைத்தும் விடுவாள் என்றேன். எனக்கு வெட்கமாக இல்லை. இதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டும் என்று தெரியும், ஆனால் வரவில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மூன்றாவது சிக்னலில் வண்டி நின்றிருந்தது. பச்சை விழுந்தும் அம்மா எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சைம்மா என்றேன், எடுத்தாள். அடுத்த சிக்னலில் நான் முந்திக்கொண்டு சிவப்பு என்றேன். அவள் நிறுத்தினாள். அதற்கு அடுத்த நாள் ஆறு சிக்னலுக்கும் சொன்னேன். இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணவில்லை. பிறகு சைக்கிள் வருகிறது, லாரி திரும்புகிறது, முன்னால் போகிறவன் பிரேக் போடுகிறான் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. ஓட்டத் தெரியாதவன் நான், பார்க்க முடியாதவள் அவள். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு டிரைவர் ஆனோம், ஒப்புக்கு.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. கண்ணாடிக் கடைக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே வருஷத்தில் மூன்று தடவை அவளுக்கு லென்ஸ் மாற்றி என் கையாலேயே அரைத்துப் பொருத்தினேன். மூன்றாவது ஜோடியைப் போட்டுக்கொண்டு, பரவாயில்லையே என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் காதைப் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே யாரைப் பார்த்தாலும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, அவர்களுடைய காதையோ தோளையோ பார்ப்பது மாதிரிதான் பார்த்தாள். பார்வையின் நடுப்பகுதி போய் ஓரம் மட்டும் மிச்சமிருக்கிறவர்கள் அப்படிப் பார்ப்பார்கள் என்று கடையில் கேள்விப்பட்டிருந்தேன்.

கண் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். கூட்டிப்போனேன் என்றால், அவள் ஓட்ட, நான் நிறம் சொல்ல, போய்ச் சேர்ந்தோம். டாக்டர் நான் நினைத்ததையே சொன்னார். நடுப்பார்வை தேய்கிறது, ஓரம் அப்படியே இருக்கும், கண்ணாடியால் இனிமேல் ஆகப்போவது ஒன்றுமில்லை. கடைசியில், வண்டி ஓட்டுகிறீர்களா என்று அம்மாவிடம் கேட்டார். மகன் கூட இருக்கிறான் என்றாள் அம்மா. மகன் ஓட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டு டாக்டர் தலையாட்டினார். நான் திருத்தவில்லை. வெளியே வந்து காரில் ஏறினோம், அவள் சாவியைத் திருகினாள், நான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த விசித்திரமான ஏற்பாடு வந்தது. என்னை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி ஓட்டிப்போக அவளால் முடியவில்லை. அதை அவள் சொல்லவில்லை. வீட்டுத் தெருவில் பகலில் நிறுத்த இடம் கிடைப்பதில்லை, உங்கள் கடை பின்முற்றத்தில் நிறுத்திக்கொள்ளட்டுமா என்று முதலாளியிடம் கேட்டாள். அவர் சரி என்றார். காலையில் என்னைக் கடையில் இறக்கிவிட்டு, வண்டியைப் பின்முற்றத்தில் பூட்டிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போவாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பஸ் ஏறித் திரும்ப வருவாள். என்னை ஏற்றிக்கொண்டு வண்டியில் வீட்டுக்குப் போவோம். அவள் ஏறி வருகிற அதே பஸ்ஸில் நான் பேசாமல் போய்விடலாம், ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட இது புரியும். எங்களுக்கும் புரிந்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, இருபது நிமிஷம் இருபது நிமிஷம், அவள் கையில் ஸ்டியரிங் இருக்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை பஸ்ஸும்.

கடையில் கண் பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், வயது இருபத்தாறு. டாக்டருக்குப் படித்தவள் இல்லை என்றாலும் சின்ன டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் மழையில் நாங்கள் நாலைந்து பேர் வாடகைக் காரில் போனபோது, சிக்னல் வந்ததும் என் வாய் தானாக, சிவப்பு, என்றது. எல்லாரும் சிரித்தார்கள். சின்ன டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு காலை. ஆறாவது சிக்னலையும் தாண்டி மார்க்கெட் பக்கம் திரும்பினோம். என் போனில் ஏதோ வந்தது, தலையைக் குனிந்தேன். அது என்ன செய்தி என்று இப்போது நினைவில்லை. நிமிர்ந்தபோது சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நேர் எதிரே குறுக்கே போனார். நான் கத்தியது வார்த்தையாகக்கூட வரவில்லை. அம்மா பிரேக்கை மிதித்தாள். கார் தள்ளுவண்டியின் கட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவர் எங்கள் வண்டியின் முகப்பில் உள்ளங்கையால் இரண்டு தடவை அறைந்துவிட்டு, திட்டாமலேயே போய்விட்டார்.

"யாருடா அது?" என்றாள் அம்மா.

"யாருமில்லம்மா. ஒரு வண்டி."

அவள் தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தாள். அப்படிப் பார்த்தால்தான் எதிரே இருப்பது கொஞ்சம் தெரியும். பிறகு முதல் கியரைப் போட்டாள். அன்றைக்கும் கடைக்குப் போய் பதினோரு ஜோடி அரைத்தேன், ஒன்றுகூட உடையவில்லை. அடுத்த நாளிலிருந்து காரில் போனை எடுப்பதில்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று என்றும் நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது என்னை நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

போன மாசம் அம்மாவின் லைசென்ஸ் காலாவதி ஆகிற கடிதம் வந்தது. அறுபது தாண்டியவர்கள் புதுப்பிக்க வேண்டுமென்றால் கண் சான்று வேண்டும். எங்கள் கடையிலேயே கொடுப்போம். எண்கள் அச்சடித்த அட்டை ஒன்று சுவரில் தொங்கும். மேலே ஒரே ஒரு பெரிய எண், கீழே வரவர வரிசை நீளமாகும், எண் சின்னதாகும். ஆறு மீட்டர் தள்ளி உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாகப் படிக்க வேண்டும். ஏழாவது வரி வரை படித்தால் கையெழுத்து.

கடிதம் வந்த மறுநாள், கடையில் பழைய அட்டை ஏதாவது கிடக்கிறதா என்று அம்மா கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூலை கிழிந்ததால் மாற்றிய அட்டை ஒன்று பின்கட்டில் கிடந்தது. இப்போது சுவரில் தொங்குவதும் அதே கம்பெனி அட்டைதான், அதே எண்கள்தான். கொண்டுவந்து கொடுத்தேன். சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டித் தரச் சொன்னாள், பசை போட்டு ஒட்டினேன். அதற்குப் பிறகு தினமும் அடுப்பில் ஏதாவது கொதிக்கும்போது அலமாரிக் கதவு திறந்திருக்கும். அவள் கையில் பூதக்கண்ணாடியோடு, ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். நான் தட்டை எடுக்க உள்ளே போனால் கதவைச் சாத்துவாள். நான் பார்க்காதது மாதிரி தட்டை எடுத்துக்கொண்டு வருவேன். இப்படி இரண்டு வாரம்.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் குறைவு. அம்மா வந்தாள். நல்ல சேலை கட்டி, தலையை வாரி, லைசென்ஸையும் கடிதத்தையும் மடியில் வைத்துக்கொண்டு சோதனை நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கல்லை நிறுத்திவிட்டு, கையில் ஈர லென்ஸோடு அந்த அறை வாசலில் வந்து நின்றேன். சின்ன டாக்டர் அவளிடம் நலம் விசாரித்து, இடது கண்ணை மூடக் கறுப்புக் கரண்டியைக் கொடுத்தாள். படிங்கம்மா என்றாள்.

அம்மா படித்தாள். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி, எங்கேயும் மூச்சு விடவில்லை. கண்ணைச் சுருக்கவில்லை, தலையை நீட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல். ஏழாவது வரியைத் தாண்டினாள். எட்டாவதைத் தாண்டினாள். அத்தோடு நிற்கவில்லை. அட்டையில் அதற்குக் கீழே, அச்சடித்த கம்பெனியின் போன் நம்பர் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். எனக்கே அது ஆறு மீட்டரிலிருந்து தெரியாது. ஒரு சாண் தூரத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவளுக்கு எது பெரியது எது சின்னது என்று எங்கே தெரிந்தது, அதுவும் ஒரு வரி என்றே நினைத்துவிட்டாள். பத்து எண்களையும் வரிசை தப்பாமல் சொல்லி முடித்து, சரிதானே என்பது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சின்ன டாக்டர் சிரிக்கவில்லை. அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பேனாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு என்னிடம் வந்தாள்.

"தினமும் கூட உக்காந்து வர்றது நீங்கதான்," என்றாள் மெதுவாக. "நான் கையெழுத்துப் போடட்டுமா?"

போடு என்றால் போட்டிருப்பாள். முன்பின் தெரியாதவர்களாக இருந்திருந்தால் அவளே மறுத்திருப்பாள். எனக்காகக் கேட்டாள். ஒரு கையெழுத்து விழுந்தால் இன்னும் ஐந்து வருஷம் அம்மா யாரையும் கேட்காமல் இருக்கலாம். காலையில் ஆறு சிக்னல், சாயங்காலம் ஆறு சிக்னல். எனக்கு அந்தச் சாம்பல் சட்டை ஞாபகம் வந்தது. அவர் முகம் ஞாபகமில்லை, நான்தான் அதைப் பார்க்கவே இல்லையே. உள்ளங்கை மட்டும் ஞாபகம் வந்தது. இரண்டு தடவை அறைந்த சத்தம்.

நான் லென்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு அட்டையிடம் போனேன். அந்த அட்டைக்கு மறுபக்கம் உண்டு, அதில் வேறு எண்கள். வீட்டில் நான் பசை போட்டு ஒட்டிவிட்டதால் அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பி மாட்டினேன். அட்டை சுவரில் உரசுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"இன்னொரு தடவ படிங்கம்மா," என்றாள் சின்ன டாக்டர். "மேலேருந்து."

அம்மா மறுபடி கரண்டியைக் கண்ணில் வைத்தாள். பழைய பக்கத்தின் முதல் எண்ணைச் சொன்னாள். அடுத்த வரியின் இரண்டு எண்களைச் சொன்னாள். நிறுத்தினாள். அறையில் ஏதோ மாறிவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியை இறக்கிவிட்டு முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஓரத்தால் தேடி, அட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது நான் என்று கண்டுகொண்டாள். அவள் முகம் தெளிந்தது. காரில் நான் நிறம் சொல்வதற்காகக் காத்திருக்கிற அதே முகம்.

"என்னடா இருக்கு?" என்றாள்.

அட்டை என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் எண் என் கை அகலத்துக்கு இருந்தது, மூன்று. ஒன்றரை வருஷமாகத் தினமும் பன்னிரண்டு தடவை சொன்ன வாய்க்கு மூன்று என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். பின்கட்டில் நான் மூடாமல் விட்ட குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுடா," என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, அவளை நினைத்து அல்ல. மறுக்க வேண்டிய இடத்திலெல்லாம் பேசாமல் இருந்துவிட்டு, அவள் கேட்கிற இந்த ஒரு இடத்திலும் பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே உதவி என்று ஆகிப்போனது. அவள் நான் பேசுவதற்காகக் காத்திருந்தாள். அவசரப்படாமல் காத்திருந்தாள். பிறகு கரண்டியை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"எழுத வேண்டாம்மா," என்று சின்ன டாக்டரிடம் சொன்னாள். "பரவால்ல. உனக்கு எதுக்குச் சங்கடம்?"

வெளியே பின்முற்றத்துக்கு வந்தோம். கார் நின்றிருந்தது. நம்பரைத் தப்பாகப் படித்துவிட்டேனா என்று கேட்டாள். கடைசி வரி அட்டைக் கம்பெனியின் போன் நம்பர் என்றேன்.  அதுதான் அவ்வளவு நீளமாக இருந்ததா, அதை மனப்பாடம் பண்ணத்தான் நாலு நாள் ஆனது என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். அது முடிந்ததும் என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கார்ச் சாவி அவள் கையில் இருந்தது. ஓட்டத் தெரிந்தவள் ஓட்டக் கூடாது, கண் தெரிகிறவனுக்கு ஓட்டத் தெரியாது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தோம்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. மூன்று நிறுத்தம் தாண்டின. பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"இப்பவாவது கத்துக்கிறியாடா?"

"பாக்கலாம்மா," என்றேன்.

அவள் திரும்பவில்லை.  கைப்பிடிக் கம்பியில் இருந்த அவள் விரல்கள் மட்டும் ஒரு தடவை எழுந்து திரும்பப் படிந்தன. நான் சொன்னது என்ன வார்த்தை என்று எனக்கு இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் உறைத்தது. அதற்குள் அதைப் பற்றிப் பேச நேரம் கடந்துவிட்டது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

கார் நாலு நாள் பின்முற்றத்தில் நின்றது. சரக்கு வண்டி வர இடமில்லை என்று முதலாளி சொன்னார். அவரே கொண்டுவந்து விடுவதாகவும் சொன்னார், அம்மா வேண்டாம் என்றாள். புதன்கிழமை மத்தியானம் வாடகைக்கு ஓட்டுகிற ஒருவரை வரச் சொன்னோம். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத ஆள். அம்மாவும் பஸ்ஸில் வந்திருந்தாள். பழக்கத்தில் நேராக ஓட்டுநர் கதவுக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்துவிட்டாள். அந்த மனிதர் மரியாதையாக ஒதுங்கி நின்றார். அவள் கையை எடுத்து, அந்தக் கையாலேயே சாவியை அவரிடம் கொடுத்தாள். இரண்டாவது கியர் மக்கர் பண்ணும், தள்ளக் கூடாது, லேசாக விட்டுப் பிடிக்க வேண்டும் என்றாள். கிளட்சைப் பற்றியும் சொன்னாள். பின்னால் பார்க்கிற கண்ணாடியை மட்டும் அசைக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அவர் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியைத் திருப்பினார். அம்மா பின் கதவைத் திறந்து ஏறினாள். பதினாறு வருஷத்தில் அவள் அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கே கைவைப்பது என்று தெரியாமல் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நான் என் இடத்தில், முன்னால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.

அவர் நன்றாக ஓட்டினார். இரண்டாவது கியரை அவள் சொன்ன மாதிரியே விட்டுப் பிடித்தார். மார்க்கெட்டைத் தாண்டி முதல் சிக்னல் வந்தது.

"சிவப்பு," என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏற்கெனவே பிரேக்கில் கால் வைத்திருந்தார்.

"எனக்குத் தெரியுது சார்."

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வண்டி நின்றது. பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"உங்களுக்கு இல்லங்க. எனக்குச் சொல்றான்."

  பச்சை விழுந்தது. பச்சைம்மா என்றேன். மீதி இருந்த ஐந்து சிக்னலுக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.